நடுக்குவாதமும் சீன மூலிகை வைத்தியமும்

மனிதனைப் பற்றும் பிணிகளுள் சில உயிரை விரைவிற் கவர்ந்து செல்லுகின்றன. வேறு சில, உயிரை நெடுங்காலம் விட்டுவைத்து, உடலின்மீது அவனுக்குள்ள ஆட்சியை மட்டும் சிறிது சிறிதாய்ப் பறித்துக்கொள்ளுகின்றன. பின் கூறிய வகையைச் சார்ந்தது பார்க்கின்ஸன் நோய் எனப்படும் நடுக்குவாதம். கை நடுங்கும், நடை குறுகும், தசைகள் விறைக்கும், முகம் உணர்ச்சி காட்டாது, எழுத்துச் சிறுத்துப்போம், குரல் தணியும். லண்டன் நகரில் ஹாக்ஸ்டன் பகுதியில் வைத்தியம் புரிந்த ஜேம்ஸ் பார்க்கின்ஸன் என்பார் 1817-ஆம் ஆண்டில் ஆறு நோயாளிகளின் நிலைமையை ஆராய்ந்து ஒரு சிறு நூல் வெளியிட்டனர். அவ்வறுவருள் சிலர் தெருவிற் கண்ணுற்றவரே. பின்னர்ப் பாரிஸ் நகரத்துப் பேரறிஞர் சார்க்கோ அந்நோய்க்குப் பார்க்கின்ஸனது பெயரையே வழங்கினர். 2019-ஆம் ஆண்டில் உலகெங்கும் 85 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்ந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

இந்நோயாளிகளுட் பலர், மேனாட்டு மருத்துவர் தரும் மாத்திரைகளோடு சீன நாட்டு மூலிகைக் கஷாயங்களையும் அருந்துகின்றனர். சீனாவில் இது பெருவழக்கு; பிற நாடுகளிலும் இவ்வழக்கம் காணப்படுகின்றது. இது தகுமா, தகாதா என்னும் வினாவுக்கு இருவேறு விடைகள் ஆரவாரத்தோடு கூறப்படுகின்றன. மூலிகையெல்லாம் மூடநம்பிக்கை என்பார் ஒரு சாரார். ஆயிரக்கணக்கான ஆண்டு அனுபவம் பொய்க்குமோ என்பார் மற்றொரு சாரார். இவ்விரண்டும் ஆராயாமற் கூறிய முடிவுகள் என்பதே நமது கருத்து. அதனை ஈண்டு ஒருவாறு விளக்க முயல்வோம்.

முதற்கண் நோயின் காரணத்தை அறிதல் வேண்டும். நடுமூளையிற் கருநிறமுடைய ஒரு சிறு பகுதி உண்டு. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமின் என்னும் இரசாயனப் பொருளை உண்டாக்கி, உடலசைவு ஒழுங்காய் நடைபெற உதவுகின்றன. அவ்வணுக்களிற் பெரும்பகுதி அழிந்தபின்னரே நடுக்கம் வெளித்தோன்றுகின்றது. 1957-இல் ஸ்வீடன் தேசத்து ஆர்விட் கார்ல்ஸன், ரெசர்ப்பின் என்னும் மருந்தால் அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு லெவோடோபாவைச் செலுத்த, அவை எழுந்து நடமாடின. அந்த ரெசர்ப்பின் நமது நாட்டுச் சர்ப்பகந்தி வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பெற்றது என்பதும் கருதத்தக்கது. 1960-இல் வியன்னா நகரில் எஹ்ரிங்கர், ஹார்னிக்கீவிச் என்னும் இருவர், இந்நோயால் இறந்தாரது மூளையில் டோபமின் மிகக் குறைந்திருத்தலைக் கண்டனர். 1967-இல் அமெரிக்காவிற் கோட்சியாஸ் என்பவர் லெவோடோபாவைப் படிப்படியாய் உயர்த்தி வாய்வழியே கொடுத்து, படுக்கையிற் கிடந்தாரை எழுந்து நடக்கச் செய்தனர். இன்றளவும் இதனினும் வலிய மருந்து இந்நோய்க்கு இல்லை.

எனினும் அம்மருந்துக்கும் எல்லையுண்டு. சில ஆண்டுகள் சென்றபின், ஒரு வேளை மருந்தின் பயன் அடுத்த வேளைக்குள் தேய்ந்துபோகின்றது. பலருக்குத் தம் வயத்தில் நில்லாத துள்ளலும் நெளிவும் உண்டாகின்றன. மலச்சிக்கல், உறக்கமின்மை, மனச்சோர்வு முதலியவற்றை அது போதிய அளவு நீக்குவதில்லை. அணுக்கள் அழிதலைத் தடுத்து நிறுத்தும் மருந்தென ஐயமின்றி நிலைநாட்டப்பெற்றது எதுவுமில்லை. இந்நிலையில் நோயாளியும் அவன் சுற்றத்தாரும் வேறு துணை தேடிப் புறப்படுதல் இயற்கையே. அவர்களை அறிவிலிகள் என்று இகழ்தல் கல்வியாகாது.

சீன வைத்திய நூல்கள் இந்நோயை எவ்வாறு கருதின? உடல் நடுங்குதலையும் தலை சுழலுதலையும் உண்டாக்கும் காற்றுக் குற்றத்தைக் கல்லீரலோடு தொடர்புபடுத்திக் கூறுகின்றது அவர்தம் பழைய நூலாகிய மஞ்சட் பேரரசரின் வைத்திய நூல். கல்லீரலும் சிறுநீரகமும் வலுக்குன்ற, இரத்தம் நரம்பு தசைகளைப் போஷியாதொழிய, உள்ளே காற்றெழுந்து கைகால்களை அசைக்கின்றது என்பது பிற்கால வைத்தியர் கொள்கை. அவர்கள் கூறும் கல்லீரல் நாம் உடற்கூற்று நூலிற் காணும் உறுப்பு மாத்திரமன்று; பல தொழில்களின் தொகுதிக்கு இட்ட பெயர். நமது நாட்டு வைத்தியரும் இந்நோயை வாதத்தின்பாற் படுத்தியதை நோக்கின், அசைவுக்குக் காற்றைக் காரணமாக்கும் எண்ணம் இரு நாட்டாருக்கும் தோன்றியமை புலனாகும்.

இக்கொள்கைக்கேற்ப அவர்கள் வழங்கும் மூலிகைகளுள் இரண்டு சிறப்புடையன. ஒன்று கௌதெங், கொக்கி போன்ற வளைந்த முட்களையுடைய கொடி. மற்றொன்று தியென்மா, இலையும் பசுமையுமின்றி, ஒருவகைக் காளானைச் சார்ந்தே வளரும் செடியின் கிழங்கு. இவற்றோடு வெண்பியோனி வேர், அதிமதுரம் முதலியனவும் சேர்க்கப்படும். வைத்தியர் நாடியும் நாவும் பார்த்து, ஆளுக்கு ஆள் சரக்குகளைக் கூட்டியும் குறைத்தும் கஷாயம் வகுப்பர். ஒரே நோயுடைய இருவர் இருவேறு மருந்து பெறுதல் அங்கு வியப்பன்று.

இனி, மூலிகையை முற்றும் இகழ்வாருக்கு நாம் கூறுவது யாது? பெக்கிங் நகரத்து யூனியன் மருத்துவக் கல்லூரி 1906-இல் மிஷனரிச் சங்கங்கள் கூடி நிறுவியது. பின்னர் ராக்பெல்லர் நிதியால் வளர்ந்தது. அக்கல்லூரியில் 1920-களிற் சென், ஷ்மிட் என்னும் இருவர் மாஹுவாங் என்ற பழஞ்சீன மூலிகையின் சத்தாகிய எபிட்ரினை ஆராய்ந்து அதன் குணங்களை உலகுக்கு உணர்த்தினர். அச்சத்தை 1885-இலேயே ஜப்பானியராகிய நாகாய் பிரித்தெடுத்திருந்தும், வைத்திய உலகம் அதன் பயனைப் பெரிதும் அறிந்தது இவர்கள் ஆராய்ச்சியினாலேயே. அவ்வாறே 1971-இல் தூ யூயூ என்னும் அம்மையார், நான்காம் நூற்றாண்டிற் கே ஹுங் எழுதிய நூலில் ஒரு மூலிகையைக் காய்ச்சாமல் நீரிலூறவைத்துப் பிழியுமாறு கூறியிருத்தலைக் கண்டு, வெப்பம் குறைந்த முறையில் ஈதரைக்கொண்டு சத்தெடுத்தனர். மலேரியா சுரத்துக்குரிய ஆர்ட்டெமிசினின் இவ்வாறு கிடைத்தது. அதற்கு 2015-இல் நோபெல் பரிசும் வந்தது.

நடுக்குவாதத்துக்குத் தலைசிறந்த மருந்தாகிய லெவோடோபாவின் வரலாறும் இத்தகையதே. 1913-இல் ஸ்விட்ஸர்லாந்துக் குகன்ஹைம் என்பவர் ஒருவகை அவரை விதையினின்று அதனைப் பிரித்தனர். 1937-இல் நமது சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தாமோதரன், இராமசாமி என்னும் அறிஞர் பூனைக்காலி விதையிலிருந்து அப்பொருளையே பிரித்தெடுத்து வெளியிட்டனர். அக்காலத்தில் அது நடுக்குவாதத்துக்கு மருந்தாகுமென உலகில் எவரும் அறிந்திலர். 2004-இல் லண்டனில் 8 நோயாளிகளிடத்து நடந்த சோதனையிற் பூனைக்காலிப் பொடி 30 கிராம் ஏறத்தாழ 35 நிமிடத்திற் பயன் காட்டியது; வழக்கமான மாத்திரைக்கு ஏறத்தாழ 69 நிமிடம் சென்றது. எண்மர் மிகச் சிலரே. ஆயினும் செடியில் மருந்தில்லை என்பார் வாயை அடைக்க இது போதும்.

1929-ஆம் ஆண்டிற் சீனக் குடியரசின் சுகாதாரக் குழுவினர் பழைய வைத்தியத்தை ஒழிக்கத் தீர்மானித்தனர். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் வைத்தியர் பலர் ஷாங்காயிற் கூடி எதிர்க்கவே அத்திட்டம் நிறைவேறவில்லை. ஒழிப்பாணையால் ஒரு வைத்தியத்தின் மெய்யும் பொய்யும் தெளிவுறுவதில்லை. 1956-இற் பெக்கிங், ஷாங்காய் முதலிய நகரங்களில் அவ்வைத்தியத்துக்கெனக் கல்லூரிகள் எழுந்தன. அரசாங்க ஆதரவாலும் அத்தெளிவு தானே வந்துவிடுவதில்லை.

மூலிகையைத் தெய்வமாக்குவாருக்கும் கூறவேண்டியது உண்டு. பழமை ஒன்றே பிரமாணமாகாது. நடுக்குவாதத்துக்குப் பலர் இன்று வழங்கும் தியென்மா-கௌதெங் கஷாயம், மூலிகைகள் பழையனவேனும், கூட்டு முறையால் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் எழுந்தது. அதனை ஈராயிரம் ஆண்டு மருந்தென்று விற்பார் சொல் வரலாற்றுக்கு ஒவ்வாது. இயற்கைப் பொருளாதலின் தீங்கில்லை என்னும் கூற்றும் பொருந்தாது. 1990-களின் தொடக்கத்திற் பெல்ஜிய நாட்டில் உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை உண்ட மாதரில் நூற்றுவருக்கு மேற்பட்டோர் சிறுநீரகம் கெட்டனர். ஒரு மூலிகைக்குப் பதிலாக, ஒலியால் அதனையொத்த பெயருடைய அரிஸ்டலோக்கியா என்னும் நச்சு மூலிகை கலந்ததே காரணம். அவருட் சிலருக்குப் பின்னர்ப் புற்றுநோயும் தோன்றியது. ஒரு பெயர் மாற்றம் விளைத்த கேடு இது.

நாம் நன்கறிந்த அதிமதுரத்தையே எடுத்துக்கொள்வோம். அதனை மிகுதியாய் நெடுநாள் உண்டால் இரத்தத்திற் பொட்டாசியம் குறையும், இரத்த அழுத்தம் உயரும், தசைகள் தளரும். முன்னரே நடை தளர்ந்த முதியவருக்கு இது சிறு தீங்கோ? எபிட்ரின் அடங்கிய மாஹுவாங்கை, செலிஜிலின் போன்ற நடுக்குவாத மாத்திரை உண்பவர் சளி மருந்தென எண்ணிச் சேர்த்து உண்டால் இரத்த அழுத்தம் அபாயமாய் ஏறக்கூடும். பூனைக்காலியை மாத்திரையோடு தாமே கூட்டி உண்பவர், ஒரே மருந்தை அறியாமல் இரட்டித்தவராவர்.

சீன மூலிகை இந்நோயில் உண்மையாகவே பயன் தருகின்றதா? சோதனைச் சாலையில் நல்ல குறிகள் உள. நோயாளரின் நரம்பணுக்களில் ஆல்பா-சைனுக்ளின் என்னும் புரதம் திரண்டு தேங்குகின்றது. கௌதெங்கிலுள்ள ஒரு சத்து, அணு தன் கழிவைத் தானே அகற்றும் செயலைத் தூண்டி அப்புரதத்தைக் குறைத்ததாக ஹாங்காங் பாப்டிஸ்ட் பல்கலைக்கழகத்தார் 2012-இல் வெளியிட்டனர். ஆனால் கண்ணாடிப் பாத்திரத்து அணு வேறு. எழுபது வயது மனிதன் வேறு. மனிதரிடத்து நடந்த சோதனைகளோ பெரும்பாலும் சிறியன, குறுகிய காலத்தன, எவருக்கு எம்மருந்து சென்றதென்பது மறைக்கப்படாதன பல. மாத்திரையோடு கஷாயமும் உண்டார் சற்று நலமுற்றதாகப் பல கூறினும், அவற்றைத் தொகுத்தாராய்ந்த அறிஞர், முடிவு கூறப் போதிய சான்றில்லை என்றே மீண்டும் மீண்டும் உரைத்தனர். நாமும் அங்ஙனமே கொள்ளுகின்றோம்.

மருந்தை மறைத்துக் கொடுத்துச் சோதிக்கும் முறை எந்நோய்க்கும் வேண்டுவதாயினும் இந்நோய்க்குப் பன்மடங்கு வேண்டுவது. 2001-இற் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர், மருந்தற்ற வெற்றூசியை மருந்தென்று நம்பிப் பெற்ற நடுக்குவாத நோயாளரின் மூளையில் டோபமின் வெளிப்படுதலைக் கருவிகொண்டு கண்டனர். நம்பிக்கைதானே இங்கு மருந்தின் வேலையைச் சிறிது நேரம் செய்கின்றது. ஆதலின், கஷாயம் உண்டபின் கை நடுக்கம் குறைந்தது என்று நோயாளி சொல்லின் அவன் பொய்யனல்லன்; ஆனால் குறைத்தது கஷாயமா, நம்பிக்கையா என்பது அவன் சொல்லால் மட்டும் விளங்காது.

ஆளுக்கொரு மருந்து வகுக்கும் முறையை இவ்வாறு சோதித்தல் இயலாதென்று சிலர் தடை கூறுவர். அத்தடை நில்லாது. ஆஸ்திரேலியாவில் நடந்து 1998-இல் வெளியான ஒரு சோதனையிற் குடற்பிணியுற்ற 116 பேரைச் சீன வைத்தியர் தனித்தனியே பார்த்து மருந்தெழுதினர். கொடுப்பவரோ சிலருக்கு அம்மருந்தையும், சிலருக்கு அனைவர்க்கும் பொதுவான ஒரு மருந்தையும், சிலருக்குப் போலி மருந்தையும் ஒரே வடிவத்தில் வழங்கினர். மூலிகை பெற்ற இரு பிரிவாரும் போலி பெற்றாரினும் நலமுற்றனர். தனித்தனி மருந்து பெற்றாரிடமே நிறுத்தியபின்னும் பயன் நின்றது. அம்முறையை நடுக்குவாதத்துக்கும் கைக்கொள்ளலாம். 2011-இல் ஹாங்காங்கில் மலச்சிக்கலுற்ற 120 பேரிடத்துச் சணல்விதை சேர்ந்த ஒரு பழைய சீன மருந்து போலி மருந்தினும் மேம்பட்டதாய் அறியப்பட்டது. அவர்கள் நடுக்குவாத நோயாளரல்லர். எனினும் மலச்சிக்கல் நடுக்குவாதத்தின் நீங்காத் துணையாதலின், அங்கும் அதனைச் சோதிக்க இது நல்ல தூண்டுதலாம். மூலிகையன்றேனும், சீன நாட்டுத் தாய்ச்சி என்னும் மெல்லசைவுப் பயிற்சி 2012-இல் அமெரிக்காவில் 195 நடுக்குவாத நோயாளரிடத்துச் சோதிக்கப்பெற்று, நிலைதளராமை பெருகவும் வீழ்தல் குறையவும் உதவியமை கண்டறியப்பட்டது. கீழ்நாட்டுப் பொருள் தேர்வுக்கு அஞ்சுவதன்று.

வறியோருக்கு மாத்திரையே கிட்டாதவிடத்து இவ்வாராய்ச்சியெல்லாம் எற்றுக்கு என வினவுவாரும் உளர். அவ்வினா நியாயமானதே. 2017-இற் பொலீவியா நாட்டில் 18 நோயாளரிடத்துப் பூனைக்காலிப் பொடியைச் சோதித்தோர் இவ்வறுமையை முன்னிட்டே அதனைச் செய்தனர். விலை குறைந்த மருந்து வேண்டுமெனின் அதற்கும் அளவும் தூய்மையும் சோதனையும் வேண்டும். ஏழைக்குச் சோதியாத மருந்து போதுமென்பது இரக்கமாகாது.

துணை மருந்து என்னும் சொல்லுக்கு நாம் கொள்ளும் பொருள் இதுவே: மூலமருந்தின் பக்கத்தில் நிற்பது துணை, அதன் இடத்தைப் பறிப்பது துணையன்று. லெவோடோபாவைத் திடீரென நிறுத்தின், கடுஞ்சுரமும் விறைப்பும் மயக்கமும் தோன்றி உயிருக்கே இறுதி நேரலாம். ஆதலின், ஆங்கில மருந்தை விட்டால்தான் எமது மூலிகை வேலை செய்யும் என்று கூறுபவனை, அவன் எத்துணைப் பெயர் பெற்றவனாயினும், நோயாளி விட்டு நீங்குதல் வேண்டும். இரண்டையும் கொள்வோர் இரு வைத்தியருக்கும் இரண்டையும் அறிவிக்க வேண்டும். மருத்துவமனைக்குச் செல்லுங்கால் கஷாயத்தை மறைப்பதும், வைத்தியரிடம் செல்லுங்கால் மாத்திரையை மறைப்பதும் பலருடைய வழக்கம். அதற்குப் பாதிக் காரணம், கேட்டவுடன் முகஞ்சுளிக்கும் மருத்துவர் என்று கூற நாம் அஞ்சோம். சினந்து பேசும் மருத்துவர் முன் எவரும் உண்மை உரையார்.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில், நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து கொடுப்பவன் என நான்கு கூறுகளை ஓதினர். நாம் மருந்தொன்றைப் பற்றியே வழக்காடி ஏனைய மூன்றையும் மறக்கின்றோம். வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக்கொடுத்து, எழும்போது தோள்கொடுத்து, தணிந்த குரலைச் செவிசாய்த்துக் கேட்கும் மகனோ மருமகளோ எவ்வைத்திய முறைக்கும் இன்றியமையாதவர்.

நமது கல்லூரி மாணவருட் சிலர் மருத்துவராவர்; சிலர் இரசாயனமும் தாவர நூலும் பயில்வர்; பெரும்பாலார் ஆசிரியராகவும் அலுவலராகவும் வாழ்வர். முதல்வகையினர், நோயாளி உண்ணும் மூலிகை யாதென்று இன்முகத்தோடு வினவக் கற்றல் வேண்டும். இரண்டாம் வகையினர், 1937-இற் சென்னையிற் பூனைக்காலி விதையை ஆராய்ந்த இருவரின் வழியைத் தொடர்தல் வேண்டும். ஏனையோர்க்கும் கடமையுண்டு. தம் இல்லத்திலோ அயலிலோ கைநடுங்கும் முதியவர் ஒருவர் இருப்பின், அவர் உண்ணும் மருந்தனைத்தையும், மாத்திரையாயினும் கஷாயமாயினும், ஒரே தாளில் எழுதி அவர்தம் மருத்துவர் கையிற் கொடுப்பாராக. இது சிறு செயலே. ஆயினும் இரு வைத்தியங்களும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே உடலிற் செய்யும் கேட்டினின்று அம்முதியவரைக் காக்க வல்லது இதுவே.